நடு சீட்

ஜன்னல் சீட்டுக்காக ராஜபாளையத்திலிருந்து மதுரை ஏர்போர்ட் வரை அழுதுகொண்டே வந்தேன். பலனில்லை. அம்மா பெரியப்பாவுக்குப் பக்கத்தில் உட்காரமாட்டாள்; அவரிடம் நேராகப் பேசவும் மாட்டாள். எங்கள் வீட்டு மருமகள்களின் வழக்கம் அப்படி. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பெரியப்பா எப்போது வந்தாலும், "பெரியப்பாவைச் சாப்பிட வரச்சொல்லு" என்று அவர் காதில் விழும்படி என்னிடம்தான் சொல்வாள். அவரும், "போதும்னு உங்கம்மாகிட்ட சொல்லு" என்பார். ஆக, விமானத்திலும் அவர்களுக்கு நடுவே நான்தான் உட்கார வேண்டியிருந்தது.

சென்னையில் அத்தை மகளுக்கு வளைகாப்பு. அப்பா முன்னாலேயே போய்விட்டார். எங்கள் மூவருக்கும் அதுதான் முதல் விமானப் பயணம். பெரியப்பா மட்டும் பால்கோவா டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு, தினமும் பறக்கிறவர்போல முகத்தை வைத்திருந்தார்.

விமானம் ஊர்ந்தது. அம்மாவின் மடிமேல் சாய்ந்து எட்டிப் பார்த்தேன். இறக்கைக்கு அடியில், உடைந்த குழாயிலிருந்து வருவதுபோல் ஏதோ கொட்டிக்கொண்டிருந்தது. அம்மாவிடம் காட்டினேன். அவள் முகம் வெளுத்துவிட்டது.

"பெரியப்பாகிட்ட சொல்லு."

சொன்னேன். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"ஏசித் தண்ணியா இருக்கும்னு சொல்லு."

"ஏசித் தண்ணி இம்புட்டு வருமான்னு கேளுட்டி."

கேட்டேன்.

"மொத தடவை ஏறியிருக்கோம். எதையாவது சொல்லி நாலு பேர் முன்னால அசிங்கப்பட வேண்டாம்னு சொல்லு."

அதற்குள் விமானம் ஓடுபாதைக்குத் திரும்பி நின்றது. இன்ஜின் இரைச்சல் கூடியது. நான் அம்மா பக்கம் திரும்புவதற்குள் அவள் பெரியப்பாவைப் பார்த்தே கத்திவிட்டாள்.

"அத்தான்! அது தண்ணியில்ல! நிப்பாட்டச் சொல்லுங்க!"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இறக்கையில் கொட்டியதைவிட அந்தக் குரல்தான் என்னை அதிகம் பயமுறுத்தியது. பெரியப்பா மடியிலிருந்த டப்பா கீழே விழுந்தது. விமானம் முழுக்க எங்களைத் திரும்பிப் பார்த்தது. பணிப்பெண் ஓடிவந்து ஜன்னலில் குனிந்தாள். ஒரு நொடிதான், முன்பக்கம் ஓடிப்போய் போனை எடுத்தாள். இரைச்சல் அடங்கியது.

எல்லோரையும் இறக்கினார்கள். கீழே தீயணைப்பு வண்டிகள் நின்றன. தரையெல்லாம் கறுப்பாக நனைந்து, பெட்ரோல் பங்க்கில் அடிக்கும் வாடை அடித்தது. "இது மட்டும் பத்தியிருந்தா..." என்று ஆரம்பித்த அதிகாரி, என்னைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

காத்திருக்கும் கூடத்தில் பெரியப்பா எங்களுக்கு முதுகு காட்டி நின்றார். "உங்கம்மாவைத் தண்ணி குடிக்கச் சொல்லு" என்றார் என்னிடம். குரல் நடுங்கியது.

அம்மா குடிக்கவில்லை. அப்பாவுக்குப் போன் போட்டு விம்மி விம்மி அழுதாள். "உங்க அண்ணனைச் சத்தம் போட்டுட்டேங்க. அம்புட்டு பேர் முன்னால. இனி அவிய வீட்டு வாசலை எப்பிடி மிதிப்பேன்?"

பாவம், அம்மாவுக்கு இன்னும் பயம் தெளியவில்லை என்று நினைத்தேன். அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "பிளேன் நின்னுருச்சும்மா, நாம பொழச்சுட்டோம்" என்றேன். அவள் இன்னும் அதிகமாக அழுதாள்.