அவர் தேர்ந்தெடுத்த பகுதி

நான் குடிவந்த வெளிநாட்டு நகரமான லாசாலில், எங்கள் கட்டடத்துச் சலவை அறையில் ஞாயிறு காலைகளில் அவரைப் பார்ப்பேன். யாழ்ப்பாணத்துக்காரர். உதட்டில் நீலம் படிந்திருக்கும். நாலு படி இறங்கினாலே மூச்சு வாங்கும். ஓடும் இயந்திரத்தின் மேல் கைப்பேசியைச் சாய்த்துவைத்து எப்போதும் ஒரே ஜப்பானிய நிகழ்ச்சியைத்தான் பார்ப்பார். நடுவயது நகைச்சுவை நடிகர் ஒருவர் பழைய வீடியோ கேம்களை முடிக்கப் போராடுவார். சில வாரம் ஜெயிப்பார், சில வாரம் கைவிடுவார்.

ஒருநாள் அவராகவே பேசினார்.

"இருதயத்திலை கத்தி வைக்கோணுமாம் தம்பி. நாளைக்கு ஓமோ இல்லையோ சொல்லோணும். கோயிலிலை பூக்கட்டிப் பாக்கிற மாதிரி இந்த நடிகரை வைச்சுப் பாக்கிறன். இவர் வெண்டால் ஓம்."

திரையைப் பார்த்தேன். ஊரில் விடுதியில் பார்த்த அதே பகுதி.

"அண்ணா, இது வேணாம், வேற போடுங்க. இதுல அவர் தோத்துடுவார்."

"தெரியும். முந்தியே பாத்திட்டன்."

இரண்டு பொட்டலத்திலும் ஒரே நிறப் பூவைக் கட்டிவைத்துக்கொண்டு சாமி முன்னால் நிற்பவரை அன்றுதான் பார்த்தேன்.

அவருடைய இயந்திரம் ஓடி நின்றது. துணியை எடுக்க அவர் எழவில்லை. திரையில் அந்த நடிகர் சிரித்துக்கொண்டே முதல் கட்டத்திலிருந்து மறுபடி தொடங்கினார்.