முதல் டிவிஷனில் ஒரு வருடம்

கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது மாதமே என்னை விளையாட்டுக் குழுவில் போட்டுவிட்டார்கள். நான் வேதியியல் விரிவுரையாளர். வாலிபாலில் ஒரு பக்கத்துக்கு எத்தனை பேர் என்றுகூட அப்போது எனக்குத் தெரியாது. மற்ற குழுக்களையெல்லாம் சீனியர்கள் எடுத்துக்கொண்ட பிறகு மிஞ்சியது அதுதான்.

கடலூரில், செம்மண்டலத்தில் இருந்த என் வீட்டிலிருந்து கல்லூரிக்கு நடந்தே போய்விடலாம். கன்னியாஸ்திரீகள் நடத்திய சிறிய பெண்கள் கல்லூரி. முதல்வரை எல்லோரும் சிஸ்டர் என்றுதான் கூப்பிடுவோம். ஆய்வகத்துக்குப் பின்னால் கொஞ்சம் காலி இடம் இருந்தது. அங்கேதான் வாலிபால் கோர்ட். மழை பெய்தால் சேறு காயும்வரை விளையாட முடியாது. பந்து சுவரைத் தாண்டிப் போனால் பக்கத்து வீட்டு அம்மா திட்டிக்கொண்டே தூக்கிப் போடுவார்.

உடற்கல்வி இயக்குநரை பி.டி. மேடம் என்போம். நாற்பது வயது, கடலூரின் பழைய பட்டணத்துப் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பம். விளையாட்டுக்கென்று எங்கள் கல்லூரிக்கு யாரும் வருவதில்லை. அட்மிஷன் நாளில் மேடம் வரிசை ஓரமாக நின்று, உயரமான பெண்களைப் பார்த்துப் பேச்சுக் கொடுப்பார். அப்படிச் சேர்ந்ததுதான் எங்கள் டீம்.

அதில் ஒருத்தி மட்டும் குள்ளம். மேல்பட்டாம்பாக்கத்திலிருந்து பஸ்சில் வரும் பி.காம். முதலாண்டுப் பெண். மேடம் அவளைக் கூப்பிடவில்லை, அவளாகவே வந்து நின்றாள். அடிப்பவளுக்குப் பந்தை உயர்த்திக் கொடுப்பது அவள் வேலை. பந்து அவள் விரலில் பட்டதா இல்லையா என்று தெரியாது, வலைக்கு மேலே சரியான இடத்தில் போய் நிற்கும். வாலிபால் தெரியாத எனக்கே அது புரிந்தது.

அந்த வருடம் மாவட்ட லீக்கில் இரண்டாம் டிவிஷனை ஜெயித்தோம். ஜெயித்த டீம் விரும்பினால் அடுத்த வருடம் முதல் டிவிஷனுக்குப் போகலாம். கட்டாயம் இல்லை. போவதா வேண்டாமா என்று பேச சிஸ்டர் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"முதல் டிவிஷன்னா மேட்ச் எல்லாம் சிதம்பரத்துல. அங்க வர்ற பொண்ணுங்க ஸ்போர்ட்ஸ் கோட்டால சேந்தவங்க. ஹாஸ்டல்ல தங்கி காலையும் சாயங்காலமும் ஆடுறவங்க. நம்ம பொண்ணுங்க முக்காவாசிப் பேர் மூணரைக்கு பெல் அடிச்சா பஸ்ஸ பிடிக்க ஓடுறாங்க. ஜெயிச்ச சந்தோஷத்தோட இருக்கட்டுமே?" என்றார் சிஸ்டர்.

"தோத்தா தோக்கட்டும் சிஸ்டர்," என்றார் பி.டி. மேடம். "நல்லா ஆடுறவங்களோட ஆடுனாதான் நாம எங்க இருக்கோம்னு தெரியும். இங்கயே இருந்தா நாலு டீமை மாத்தி மாத்தி ஜெயிச்சிக்கிட்டு இருக்கலாம்."

"உங்களுக்கு என்ன தோணுது?" என்று சிஸ்டர் என்னைக் கேட்டார்.

"அந்தப் பொண்ணுங்களையே கேட்டா என்ன?" என்றேன். வேறொன்றும் தோன்றாமல்தான் அப்படிச் சொன்னேன்.

கேட்டோம். ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். கடைசியில் மேல்பட்டாம்பாக்கத்துப் பெண்தான், "போலாம் மேடம். ஆனா வீட்டுல நீங்க யாராச்சும் வந்து சொல்லணும்," என்றாள். வீடுவீடாகப் போகும் வேலை என் தலையில் விழுந்தது.

அவள் வீட்டில் அம்மா பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை. தாய்மாமாதான் பேசினார். "படிக்க அனுப்புனா சிதம்பரம் வரைக்கும் பந்தாட அனுப்பணுமா?" என்றார். கூடவே நான் போகிறேன், இருட்டுவதற்குள் திரும்பிவிடுவோம் என்று சொன்னேன். "நீங்க போறீங்கன்னா சரி," என்றார். பிறகு மெதுவாக, "அவ்ளோ நல்லா ஆடுதா இது?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அவர் முகத்தில் வந்த சிரிப்பை அடக்கிக்கொண்டு, காப்பி கொண்டுவரச் சொன்னார்.

ரயில் பாதையை அகலப்படுத்துவதற்காக மூடிவைத்திருந்த காலம் அது. சிதம்பரத்துக்குப் பஸ்சில்தான் போனோம். சனிக்கிழமை காலையில் கடலூர் பஸ் ஸ்டாண்டில் பெண்கள் பையும் பந்துமாக நிற்பார்கள். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் என்று நின்று நின்று போகும் பஸ். கூட்டத்தில் பந்துப் பையை மடியில் வைத்துக்கொள்ளச் சொல்லி யாரிடமாவது கொடுப்போம். அதை வாங்கிக்கொண்டவர்கள் எந்த காலேஜ், யாரோடு மேட்ச் என்று விசாரிப்பார்கள்.

முதல் மேட்சில் எதிர் டீம் பயிற்சி எடுப்பதைப் பார்த்தபோதே எங்கள் பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள். அவர்கள் அடித்த பந்து தரையில் பட்ட சத்தமே வேறு மாதிரி இருந்தது. ஒரு செட்கூட எடுக்காமல் நேர் செட்டில் தோற்றோம். அடுத்ததும் அப்படியே. அதற்கடுத்ததும் அப்படியே.

ஒவ்வொரு தோல்விக்குப் பிறகும் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஹோட்டலில் இட்லியும் கொத்சுவும் சாப்பிடுவோம். முதல் தடவை யாருக்கும் இறங்கவில்லை, ஒருத்தி அழுதுகொண்டிருந்தாள். மூன்றாம் தடவைக்குள் அழுகை நின்றுவிட்டது. எதிர் டீமில் இன்ன நம்பர் போட்டவள் எப்போது குறுக்கே அடிக்கிறாள், எப்போது நேராக அடிக்கிறாள் என்று தட்டுக்கு மேலே விரலால் கோடு போட்டுப் பேச ஆரம்பித்தார்கள். பி.டி. மேடம் குறுக்கிடாமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவர் அப்போது சந்தோஷமாக இருந்தார் என்று எனக்குத் தோன்றியது. தோற்ற டீமின் பயிற்சியாளரை அப்படிப் பார்த்தது எனக்கு வியப்பாக இருந்தது.

சீசன் முடிகிற நேரத்தில் ஒரு செட் ஜெயித்தோம். மேட்சை அல்ல, ஒரு செட்டை. அதுவும் அந்த முதல் மேட்சில் எங்களை வாயடைக்க வைத்த டீமிடம். கேப்டனாகியிருந்த மேல்பட்டாம்பாக்கத்துப் பெண் அன்றைக்குப் பந்தை எங்கே அனுப்பப்போகிறாள் என்று எதிர்ப்பக்கத்தால் அந்த செட் முடியும்வரை கண்டுபிடிக்க முடியவில்லை. எதிர் டீமின் பயிற்சியாளர் இடைவேளை கேட்டு, தன் பெண்களைக் கூட்டி வைத்து, எங்கள் கேப்டனைக் கைகாட்டி என்னவோ சொன்னார். "என்னைத்தான் சொல்றாரு மேடம்," என்று அவள் என்னைப் பார்த்துச் சொன்னாள். அடுத்த செட்டுகளில் அவர்கள் சுதாரித்துக்கொண்டார்கள். நாங்கள் தோற்றோம். திரும்பும் பஸ்சில் ஒருத்தியும் வாய் மூடவில்லை.

பட்டியலில் கடைசி இடம். கடைசி டீம் தன்னால் கீழே இறங்கிவிடும் என்று நினைத்திருந்தோம். ஆனால் வேறொரு டீம் விலகிவிட்டதால், விரும்பினால் மேலேயே இருக்கலாம் என்று சொல்லி அனுப்பினார்கள். மறுபடி சிஸ்டரின் அறை.

இந்த முறை சிஸ்டர் மாறியிருந்தார். செய்தித்தாளின் மாவட்டப் பக்கத்தில் கல்லூரி பெயர் ஆட்டத்துக்கு ஆட்டம் வந்திருந்தது. அட்மிஷன் விசாரிக்க வந்த பெற்றோர் அதைச் சொல்லியிருக்கிறார்கள். "மேலயே இருப்போம்," என்றார். "அதுக்கு என்ன செய்யணும்னு சொல்லுங்க. கோட்டால நாலஞ்சு பேரைச் சேத்துக்கலாம். ஹாஸ்டல்ல இடம் இருக்கு."

பி.டி. மேடம், "கீழ போயிடலாம் சிஸ்டர்," என்றார்.

சிஸ்டர் என்னைப் பார்த்தார். நான் மேடத்தைப் பார்த்தேன்.

"போகணும்னு நீங்கதானே சொன்னீங்க?" என்றார் சிஸ்டர்.

"ஆமா. இந்தப் பொண்ணுங்க போகணும்னு சொன்னேன். நாலஞ்சு பேர் வெளிய இருந்து வந்தா நாலஞ்சு பேர் வெளிய உக்காரணும். முதல்ல உக்காரப்போறது கேப்டன்தான். உயரம் இல்ல. கோட்டால நல்ல உயரமா ஒருத்தி வந்தா அவ இடம் போயிடும்."

சிஸ்டர் யோசித்தார். "அந்தப் பொண்ணையே கூப்பிடுங்க," என்றார்.

அவள் வந்து நின்றாள். சிஸ்டர் எதையும் மறைக்காமல் சொன்னார். அவள் கேட்டுக்கொண்டு, "இருக்கட்டும் சிஸ்டர். எனக்கு இன்னும் ஒரு வருஷம்தான். டீம் மேலயே இருக்கட்டும். நான் வெளிய இருந்து சொல்லிக்குடுக்கிறேன்," என்றாள். நன்றாக யோசித்துத்தான் வந்திருக்கிறாள் போல.

அப்போதுதான் பி.டி. மேடத்தின் கண் கலங்கியதைப் பார்த்தேன். "நானும் இப்படித்தான் சொன்னேன், உன் வயசுல," என்றார் அவளிடம். "எங்க காலேஜ் மேல போச்சு. வெளியூர்லேருந்து ஆளுங்க வந்தாங்க. ஒரு வருஷம்தானேன்னு சொல்லிட்டு உக்காந்தேன். பைய தூக்கிக்கிட்டு எல்லா ஊருக்கும் போனேன். ஒரு பாயின்ட் கூட ஆடல. அந்த வருஷ போட்டோல நானும் இருக்கேன், கப்பு பக்கத்துலயே நிக்கிறேன். வீட்டுல அதை மாட்டல."

சிஸ்டர், "நீ கிளாசுக்குப் போம்மா," என்று அவளை அனுப்பினார். எங்களிடம், "கீழயே ஆடுவோம்," என்றார். ஆனால் அவருக்கு வருத்தம் இருந்தது. தன் கல்லூரி பெரிதாக வளர வேண்டும் என்று அவர் நினைத்ததில் என்ன தவறு என்று எனக்கு இன்றுவரை தோன்றுகிறது.

இரண்டாம் டிவிஷனுக்குத் திரும்பினோம். அந்த வருடம் கப் எங்களுக்கு வரவில்லை, இறுதி ஆட்டத்தில் தோற்றோம். முன்பே டீமில் இருந்த, ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கியிருந்த எங்கள் உயரமான ஆட்டக்காரிக்குக் கணுக்கால் பிசகிவிட்டது. எங்கள் கேப்டன் எல்லா ஆட்டமும் ஆடினாள். கடைசி ஆட்டத்துக்கு அவள் மாமா வந்திருந்தார். நடுவர் எதிர்ப்பக்கத்துக்குப் பாயின்ட் கொடுத்தபோதெல்லாம் எழுந்து எழுந்து உட்கார்ந்தார்.

பி.காம். முடித்து அவள் விழுப்புரம் பக்கம் ஒரு தனியார் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். பி.டி. மேடம் அவளை உடற்கல்வி படிக்கச் சொன்னார். வீட்டுக்குச் சம்பளம் வேண்டும் என்று சொல்லிவிட்டாள். மேடத்துக்கு அதில் மனத்தாங்கல் கொஞ்ச நாள் இருந்தது.

அதற்குப் பிறகு நாங்கள் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டோம். சிஸ்டரும் பி.டி. மேடமும் சேர்ந்து எடுத்த முடிவு. ஜெயித்தால் மேலே போவது, தோற்றால் முணுமுணுக்காமல் இறங்குவது, யாரையும் வெளியிலிருந்து கொண்டுவருவதில்லை. அட்மிஷன் வரிசை ஓரத்தில் மேடம் நிற்பதற்குத் தடையில்லை. 2011 வாக்கில் மறுபடி ஜெயித்து மேலே போனோம். அப்போது சிதம்பரத்துக்கு ரயில் வந்துவிட்டது. அந்தப் பெண்களுக்கு முந்தைய கதை ஒன்றும் தெரியாது. அவர்களும் முதல் மேட்சில் நேர் செட்டில் தோற்றார்கள். ஸ்டேஷனில் ரயிலுக்குக் காத்திருந்தபோது ஒருத்தி என்னிடம், "அடுத்த சனிக்கிழமை யாரோட மேடம்?" என்று கேட்டாள். சொன்னேன். "அவுங்க எப்படி ஆடுவாங்க?" என்றாள். அதற்குள் எனக்கும் கொஞ்சம் வாலிபால் தெரிந்திருந்தது. ரயில் வரும்வரை சொல்லிக்கொண்டிருந்தேன்.