கண்டக்டர் கட்டிய மூலை

ரிட்டயர் ஆன மறுநாளே கண்டக்டர் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். முப்பத்திரண்டு வருஷம் ஓடுகிற பஸ்ஸில் நின்ற மனுஷன், ஒரு வாரமாவது காலை நீட்டி உட்கார வேண்டாமா? மாட்டாரே! ஊருக்கு வெளியே வாங்கிப் போட்டிருந்த துண்டு நிலத்தில் மண் வீடு கட்டப் போகிறாராம். சிமெண்ட் கிடையாது, கம்பி கிடையாது. தரைக்கு மேல் முழங்கால் உயரத்துக்குக் கல் அஸ்திவாரம், மழைத் தண்ணீர் தெறிக்காத உயரத்திலிருந்து மண் சுவர். அந்தக் கல் வேலையைத் தன் கையாலேயே செய்வாராம். கேட்டவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

அவர் மனைவி சிரிக்கவில்லை. கல்யாணமான நாளிலிருந்து பதினோரு வாடகை வீடு மாறியவள். கடைசியாகப் போகிற சொந்த வீடு, டிக்கெட் கிழித்த கை கட்டிய அஸ்திவாரத்தின் மேல் என்றால் யாருக்குத்தான் தூக்கம் வரும்?

"இத பாருங்க, மேஸ்திரியம்மா சொன்ன மாதிரி நான் அஸ்திவாரத்து மேல ஏறி நடந்து பாப்பேன். ஒரு கல்லு ஆடினாலும் சரி, அந்தப் பக்கம் தலைவச்சுக்கூடப் படுக்க மாட்டேன். இந்த வாடகை வீடே எனக்குப் போதும்" என்று கறாராகச் சொல்லிவிட்டாள்.

மேஸ்திரியம்மா வாரத்துக்கு இரண்டு நாள் வந்து கண்டக்டருக்கு வேலை காட்டிக்கொடுத்த கல் மேஸ்திரி. அவள் கட்டுகிற வீடுகளில் ஒரு வழக்கம் வைத்திருந்தாள். மண் சுவர் எழும்புமுன், குடியிருக்கப் போகிறவர்கள் வெறுங்காலோடு அஸ்திவாரத்தின் மேல் ஒரு சுற்று நடக்க வேண்டும். காலடியில் எது அசைந்தாலும் அதைப் பிரித்துவிட வேண்டும்.

கண்டக்டருக்கு வேலை பிடிபட்டுவிட்டது. நீளக் கல்லை வெளியே அழகு காட்டவிடாமல் சுவருக்குள் நீட்டிப் படுக்க வைத்தார். கீழ் வரிசைச் சந்துக்கு நேர் மேலே இன்னொரு சந்து வராமல் பார்த்துக்கொண்டார். வாய் மட்டும் சும்மா இருக்காது. "தள்ளிப் போங்க சார், உள்ள எவ்வளவு இடம் இருக்கு!" என்று கல்லைப் பார்த்து அதட்டுவார். அவ்வளவு சந்தோஷமாக அவர் எந்த வேலையும் செய்ததில்லை.

நாலாவது மூலைக்கு வரும்போது, மகள் பிரசவத்துக்கென்று மேஸ்திரியம்மா பத்து நாள் லீவில் போய்விட்டாள். பெரிய கற்கள் குவியலின் அடியில் கிடந்தன. புரட்டி எடுக்கச் சோம்பல். தீராத பழக்கம் வேறு! உள்ளங்கை அளவு இடம் தெரிந்தால் ஒரு ஆளை ஏற்றிவிடுகிறவர் ஆயிற்றே! கையில் அகப்பட்ட சின்னக் கற்களை எல்லாம் அடைத்துத் தள்ளினார். வெளியிலிருந்து பார்த்தால் ஊசி நுழைய இடமில்லை. இடுப்பில் கை வைத்துக்கொண்டு தானே ரசித்தார்.

மறுநாள் மனைவி வந்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு, ஸ்டூல் போட்டு ஏறினாள். கண்டக்டர் கீழே கூடவே நடந்தார். மூன்று பக்கமும் கல் அசையவில்லை. அவர் முகத்தில் ஆயிரம் வாட்ஸ். நாலாவது மூலையில் கால் வைத்தாள். டொக்கென்று கல் ஆடியது.

மெல்ல இறங்கினாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை. "வரேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

கண்டக்டர் இடிந்து போய் உட்கார்ந்தார். ஒரு கல் சில்லைச் செருகினால் ஆட்டம் நின்றுவிடும். சில்லு கையிலேயே இருந்தது. செருகவும் குனிந்தார். ஆனால் உள்ளே என்ன அடைத்திருக்கிறோம் என்று அவருக்குத்தானே தெரியும்! "சீ, அவளையே ஏமாத்துறதா?" என்று சில்லை வீசிவிட்டுக் கடப்பாரையை எடுத்தார். முஷ்டி அளவுக் கற்கள் பொலபொலவென்று உதிர்ந்தன. வெட்கம் பிடுங்கித் தின்றது.

இரண்டு நாள் கழித்து, அந்த வழியாக மார்க்கெட்டுக்குப் போகிற பஸ்ஸிலிருந்து மனைவி எட்டிப் பார்த்தாள். மூலை இருந்த இடத்தில் பள்ளம். அடுத்த ஸ்டாப்பிலேயே இறங்கி வேகமாக நடந்து வந்தாள்.

"என்னங்க இது? ஒரு கல்லுதானே ஆடுச்சு, மூலையவே காணோம்?"

"ஆடினது ஒண்ணுதான். கீழ அத்தனையும் கோளாறு. என் சோம்பேறித்தனம்" என்றார் தலையைக் குனிந்துகொண்டு.

அவள் பையைக் கீழே வைத்தாள். "நகருங்க. பெரிய கல்லெல்லாம் எங்க?"

அப்புறம் ஆறு நாள் இருவரும் சேர்ந்தே கட்டினார்கள். அவள் கல் பொறுக்குகிற அழகே தனி. "இது வேணாம், தொப்பை வச்சிருக்கு. உங்கள மாதிரி" என்பாள். அவர் மறுபேச்சு பேசாமல் வேறு கல் எடுப்பார். லீவு முடிந்து வந்த மேஸ்திரியம்மா கடப்பாரையால் மூலையைத் தட்டிப் பார்த்தாள். "சின்னது சந்து அடைக்கத்தாங்க, பாரம் பெரிசு மேலதான் உக்காரணும். இப்பத்தான் சரியா உக்காந்திருக்கு. ஏறுங்கம்மா" என்றாள்.

ஏறினாள். நாலாவது மூலையில் நின்று ஓங்கி மிதித்தாள். கல் கம்மென்று கிடந்தது. அவள் மேற்கொண்டு நடந்து, பின்பக்கச் சுவரின் நடுவில் சட்டென்று நின்றுவிட்டாள். கண்டக்டர் கீழே ஓடி வந்தார்.

"ஆடுதா?"

"இல்ல." அவள் வெளியே வயலைப் பார்த்துத் திரும்பி நின்றாள். "அடுப்பு இங்கதான் வரணும். நேரா எனக்கு ஒரு ஜன்னல் வேணும். நல்லாப் பெரிசா."

பதினோரு வீட்டிலும் அவள் இது வேண்டும் அது வேண்டும் என்று ஒரு வார்த்தை கேட்டதில்லை. கண்டக்டருக்குக் கண் நிறைந்துவிட்டது.

"ரெண்டா வச்சிடலாம்" என்றார்.