வைரவர் நாயின் கழுத்துப்பட்டை

கழுத்துப்பட்டையைக் கழற்றியது என் கைதான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் வந்து, "அவரை மட்டும் குத்தம் சொல்றீங்களே" என்று என்னிடம் நியாயம் பேசக்கூடாது.

அப்போது நாங்கள் தேக்கா மார்க்கெட்டுக்குப் பின்னால், சிராங்கூன் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில் குடியிருந்தோம். தகரக் கூரை, இரண்டே அறை, நாலு குடும்பத்துக்கு ஒரு குழாய். ஊரில் கழுத்தை நீட்டிவிட்டுக் கப்பலேறி வந்த எனக்கு அந்தச் சந்துதான் சிங்கப்பூர். என் வீட்டுக்காரர் துறைமுகத்தில் கிராணி, நம்மூரில் குமாஸ்தா என்பார்களே, அது. வெள்ளைச் சட்டை, பையில் பேனா, வாய் நிறைய இங்கிலீஷ். எனக்குத் தமிழ் படிக்கத் தெரியும், அவ்வளவுதான்.

வந்த மூன்று வருஷத்தில் இரண்டு முறை உண்டாகி இரண்டும் தங்கவில்லை. அவர் கோயில் கோயிலாக ஏறி இறங்கினார். ஒரு நாள் யாரோ ஒரு பெரியவர் வைரவருக்கு நேர்ந்துகொள்ளச் சொன்னாராம். வைரவருக்கு நாய்தானே வாகனம்? கருப்பு நாய் ஒன்றை வளர்த்து, மாதாமாதம் தேய்பிறை அஷ்டமியன்று அதற்குப் பொட்டு வைத்து, வடைமாலை சாத்தி, வயிறாரச் சோறு போட்டால் பிள்ளை தங்கும் என்றாராம். மறுநாளே பக்கத்து மாட்டுக் கொட்டகையிலிருந்து ஒரு குட்டியைப் பிரம்புக் கூடையில் தூக்கி வந்தார். கவனியுங்கள், நாயைக் கொண்டுவந்தது அவர். நான் கேட்கவில்லை.

நல்ல கருப்பு. நெஞ்சில் மட்டும் சுண்ணாம்பு தொட்ட அளவுக்கு ஒரு வெள்ளை. அதற்கு ஒரு பெயர் வைத்தோம். அதை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால், அந்தப் பெயரை அவர் செல்லமாக இழுத்துக் கூப்பிட்ட குரல் எனக்குக் கேட்கும். அது எனக்கு வேண்டாம்.

அடுத்த வருஷமே மகள் பிறந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் அவர் செய்த முதல் காரியம், நாய்க்கு ஜிலேபி வாங்கிப் போட்டதுதான். "இவன்தான்டி நம்ம வீட்டு வைரவர். இவன் இல்லாட்டி இந்தப் புள்ள இல்ல" என்று கண்ணில் நீர் வரச் சொன்னார். நானும் அழுதேன். அப்படி அழுத மனுஷனை எப்படிச் சந்தேகப்படுவது, சொல்லுங்கள்.

லைசென்ஸ் இல்லாத நாயை வண்டி வந்து பிடித்துக்கொண்டு போய்விடும் என்பது சந்தில் எல்லாருக்கும் தெரியும். அதனால் வருஷா வருஷம் லைசென்ஸ் எடுத்துவிடுவார். நம்பர் போட்ட ஒரு தகர வில்லை தருவார்கள். அதைத் தோல் பட்டையில் கோத்து நாயின் கழுத்தில் மாட்டிவிட வேண்டும். குளிப்பாட்ட மட்டும் நான் பட்டையைக் கழற்றுவேன். துடைத்து முடித்துப் பட்டையைக் கையில் எடுத்ததும் அதுவாகவே வந்து கழுத்தை நீட்டிக்கொண்டு நிற்கும். பள்ளிக்கூடம் போகிற பிள்ளை ரிப்பன் கட்டிக்கொள்ள நிற்கிற மாதிரி அசையாமல் நிற்கும்.

சுவருக்கு அந்தப் பக்கம் ராத்தா குடும்பம். கடலோரத்து முஸ்லிம்கள் அக்காவை அப்படித்தான் அழைப்பார்கள். நானும் அப்படியே பழகிவிட்டேன். என் வீட்டுக்காரரை அவர் 'உங்க மச்சான்' என்பார். அவர் வீட்டுக்காரருக்கு முனையில் மளிகைக் கடை, கடையில் டெலிபோன். நாயின் எச்சில் பட்டால் மண் போட்டு ஏழு தடவை கழுவ வேண்டும் என்பது அவர்கள் மார்க்கம். ஆனாலும் ராத்தா மீன் தலையை வேகவைத்து, தேங்காய்ச் சிரட்டையில் போட்டுச் சுவர் மேல் வைத்துவிட்டுக் குரல் கொடுப்பார்: "தங்கச்சி, உங்க மவனுக்கு வெச்சிருக்கேன், எடுத்துக்கம்மா." தொடவும் மாட்டார், பட்டினி போடவும் மாட்டார். சில பேர் தொட்டுத் தொட்டுக் கொஞ்சுவார்கள், பிறகு என்ன செய்வார்கள் என்று நான் சொல்லத்தானே போகிறேன்.

மகளுக்கு எட்டு வயதானபோது, அரசாங்க ஃபிளாட்டு கிடைத்துவிட்டது என்று கடிதம் வந்தது. தோ பாயோவில் ஐந்தாவது மாடி. வீட்டுக்குள்ளேயே குழாய், வீட்டுக்குள்ளேயே கக்கூஸ், சுவிட்சைத் தட்டினால் வெளிச்சம். அவர் கடிதத்தைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டார். பிறகு அதைப் பிரித்துப் படித்துக்கொண்டே சொன்னார்:

"நாய் கூடாதுன்னு போட்டிருக்கான்."

"அப்படின்னா நமக்கு அந்த வீடு வேணாம்."

"பைத்தியமா உனக்கு? ஊரே அந்த வீட்டுக்குத் தவம் கிடக்குது. ஒரு நாய்க்காக வேணாங்கறே."

"ஒரு நாயா? புள்ள பொறந்தப்ப வைரவர்னீங்க."

"வேண்டுதல் முடிஞ்சு போச்சு லா. இன்னும் எத்தன நாளைக்குப் புடிச்சுக்கிட்டுத் தொங்குவே?"

ஆற்றைக் கடக்கும் வரை அண்ணன் தம்பி, கடந்த பிறகு நீ யாரோ நான் யாரோ. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கோயில் பிரசங்கத்தில் இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து கேட்ட கதையைச் சொன்னேன். சொர்க்க வாசலில் நாயை மட்டும் விட்டுவிட்டு வா என்றதும், அப்படியானால் எனக்கும் வேண்டாம் என்று தர்மர் நின்றாரே, அந்தக் கதை. "நானும் அங்கதான் நிப்பேன். மாடி ஏறினா மூணு பேரோட அவனும் ஏறணும். இல்லாட்டி நான் ஏற மாட்டேன்" என்றேன்.

அவர் சிரித்தார். "தர்மருக்கு என்ன, பொண்டாட்டி வழியிலேயே விழுந்துட்டா. கேள்வி கேக்க ஆளில்ல."

அதற்கப்புறம் மூன்று வாரம் அந்தப் பேச்சே இல்லை. நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். அட மக்கே!

ஒரு நாள் சாயங்காலம் காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு தானாகவே ஆரம்பித்தார். "வர்ற அஷ்டமி நல்லாச் செய்யணும். நான் லீவு போடறேன். இன்னொண்ணு, இத்தன வருஷமா ஒரு தப்பு பண்ணிட்டு இருக்கோம். தோல் பட்டையோட பொட்டு வெச்சு மாலை போடறோம். கோயிலுக்குள்ள தோல் செருப்பு போட்டுட்டுப் போவோமா? சாமி வாகனத்துக் கழுத்துல தோல் கிடக்கலாமா? அன்னைக்குப் பூசை முடியற வரைக்கும் அதக் கழட்டி வெச்சிடு."

எனக்குச் சுருக்கென்றது. ஆமாம், இத்தனை வருஷம் எப்படித் தோன்றாமல் போயிற்று! கன்னத்தில் போட்டுக்கொண்டேன். அதைவிட, அவர் மனம் மாறிவிட்டார் என்று உள்ளுக்குள் குளிர்ந்து போனேன். அன்றைக்கு அவருக்குப் பிடித்த கத்தரிக்காய் வதக்கி, நெய் ஒரு கரண்டி கூடவே ஊற்றினேன். இப்போது நினைத்தால் அந்த நெய் என் வயிற்றை எரிக்கிறது.

அஷ்டமி அன்று காலையில் குழாயடியில் நாயைக் குளிப்பாட்டினேன். அதற்கு முன்பே, பூசைக்கு மஞ்சள் குழைத்த கையோடு பட்டையைக் கழற்றிப் பின்வாசல் ஆணியில் மாட்டியிருந்தேன். துடைத்து முடித்ததும் வழக்கம்போல வந்து கழுத்தை நீட்டியது. "இன்னைக்கு வேணாம்டா, பூசை முடியட்டும்" என்றேன். அதற்குப் புரியவில்லை. ஆணியைப் பார்த்தது, என்னைப் பார்த்தது. மஞ்சளும் குங்குமமும் வைத்து, பதினோரு வடை கோத்து மாலை போட்டேன். மகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினேன். சோற்றோடு வைக்க இன்னும் கொஞ்சம் வடை சுடுவோம் என்று உள்ளே போனேன். எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது. அவர் சொன்னார்: "வாசல்ல நிக்கட்டும், காத்தாட. நான் பாத்துக்கறேன்."

பார்த்துக்கொண்டார்.

சந்து நாய்களெல்லாம் ஒரே நேரத்தில் குரைத்தன. கரண்டியோடு வெளியே ஓடினேன். நாய் பிடிக்கிற வண்டி எங்கள் வாசலிலேயே நின்றது. ஓர் ஆள் நீளக் கம்பில் கம்பி வளையத்தை மாட்டிக்கொண்டு நெருங்கிக்கொண்டிருந்தான். மற்ற நாய்களெல்லாம் சிட்டாய்ப் பறந்துவிட்டன. என் நாய் ஓடவில்லை. அந்த வளையத்தைப் பார்த்ததும் தானாகவே இரண்டு எட்டு முன்னால் போய், கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றது. பட்டை மாட்டப் போகிறார்கள் என்று நினைத்துவிட்டது. வடைமாலைக்கு மேலேயே வளையம் இறங்கியது.

கத்தினேன். வண்டிக்காரர் வயதான மலாய்க்காரர், மாலையையும் குங்குமத்தையும் பார்த்து அவரே திகைத்துத்தான் நின்றார். "லைசென்ஸ் இருக்கா?" என்று மலாயில் கேட்டார். இருக்கிறது, இருக்கிறது என்று பின்வாசலுக்கு ஓடினேன். ஆணி மட்டும் இருந்தது. பட்டையைக் காணோம். அலமாரி, அடுப்படி, குழாயடி எல்லாம் தேடினேன். என் வீட்டுக்காரரும் கூடவே தேடினார். பாயை உதறிப் பார்த்தார். "எங்க வெச்சே, நல்லா யோசிச்சுப் பாரு" என்றார். அவர் கேட்ட விதத்தில் எனக்கே என் மேல் சந்தேகம் வந்துவிட்டது.

வண்டிக்காரர் பொறுத்துப் பார்த்தார். "மூணு நாள் வெச்சிருப்போம், லைசென்ஸோட வாங்க" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். கம்பிக்குப் பின்னால் அது சத்தமே போடாமல் உட்கார்ந்திருந்தது. கழுத்து வடைமாலையில் இரண்டு வடை குறைந்திருந்தது. அடுப்பில் எண்ணெய் புகைந்து வீடெல்லாம் நாற்றம்.

"நீ அழாத. நானே போய்ப் பேசிக் கூட்டிட்டு வர்றேன்" என்று சட்டையை மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார். சாயங்காலம் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தார். "மூணு நாளெல்லாம் கிடையாதாம், காலையிலேயே முடிச்சிட்டானுங்களாம்" என்றார். மகளிடம், வைரவர் தன் வாகனத்தைத் திருப்பி அழைத்துக்கொண்டார் என்றார். குழந்தை நம்பினாள். நானும்தானே நம்பினேன். பூசை நாளில் பட்டையைத் தொலைத்த பாவி நான்தான் என்று மூன்று வாரம் சோறு இறங்காமல் கிடந்தேன். அவர்தான் தட்டைக் கொண்டுவந்து சாப்பிடச் சொல்லிக் கெஞ்சினார்.

இனி யாருக்காக அந்தச் சந்தில் இருப்பது? சாமான் கட்ட ஆரம்பித்தோம். அவருடைய கல்யாணக் கோட்டு டிரங்குப் பெட்டியின் அடியில் கிடந்தது. வெயிலில் போடலாம் என்று உதறினேன். உள்பையில் என்னவோ கனத்தது. கையை விட்டேன். தோல் பட்டை. தகர வில்லையில் அந்த வருஷத்து நம்பர். என் கையில் மஞ்சள் ஒட்டியிருந்தபோது கழற்றியது, அந்த மஞ்சள் கறை கூடப் போகவில்லை.

பிறகு பட்டையை எடுத்துக்கொண்டு ராத்தா வீட்டுக்குப் போனேன். அதைப் பார்த்ததும் அவர் முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"அல்லாவே, நான் சொல்லக்கூடாதுன்னு இருந்தேன் தங்கச்சி. குடும்பம் கெட்டுடும்னு எங்க வூட்டுல இவங்க வேணாம்னாங்க. அஷ்டமிக்கு மொத நாள் உங்க மச்சான் எங்க கடையிலதான் போன் பண்ணினாக. உங்க வாசல்ல லைசென்ஸ் இல்லாத கறுப்பு நாய் நிக்குது, புள்ளைங்கள கடிக்க வருது, நாளக் காலைல வாங்கன்னு இங்கிலீசுல சொன்னாகளாம். எங்க வூட்டுக்காரருக்கு வெளங்கிடுச்சு. நாயப் புடிச்சிட்டுப் போன அன்னிக்குச் சாயங்காலம் வரைக்கும் உங்க மச்சான் தேக்கா காப்பிக் கடையிலேயே உக்காந்திருந்தாகளாம். எங்கயும் போவல."

நம்ப வைத்துக் கழுத்தறுப்பது என்பார்கள். அவர் கழுத்தைக்கூட அறுக்கவில்லை. என்னை விட்டே கழுத்துப்பட்டையைக் கழற்றச் சொல்லி, சாமி பெயரால் சொல்லி, லீவு போட்டு உட்கார்ந்து பார்த்தார். மூன்று நாள் வைத்திருப்போம் என்று அந்த வண்டிக்காரர் சொன்னாரே, அந்த மூன்று நாளும் அது உயிரோடு கம்பிக்குப் பின்னால் உட்கார்ந்து யாரை எதிர்பார்த்தது? என்னைத்தான். நான் வீட்டில் ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தேன்.

அவரிடம் சண்டை போடவில்லை. போட்டால் ஏதாவது காரணம் சொல்வார், அழுவார், நான் இளகிவிடுவேன். அந்த அழுகையை ஒரு தடவை பார்த்தாயிற்று. பட்டையை என் மடியில் கட்டிக்கொண்டேன். மகளுக்காக மாடியும் ஏறினேன். தர்மர் நின்றார், நான் நிற்கவில்லை. அதை மறைக்கவில்லை.

புது வீட்டில் பால் காய்ச்சுகிற அன்று மாடி ஏறும்போது, மூன்றாவது மாடியில் ஒரு சீனக் கிழவி கதவோரத்தில் உட்கார்ந்திருந்தாள். அவள் காலடியில் பழுப்பு நாய் ஒன்று படுத்திருந்தது. கழுத்தில் பட்டை, பட்டையில் வில்லை. நான் நின்று பார்த்தேன். அவர் என்னைப் பார்க்காமல் வேகமாக மேலே ஏறினார். அந்தக் கடிதத்தில் என்னதான் எழுதியிருந்ததோ, இன்று வரை எனக்குத் தெரியாது.

மேலே போனதும் நான் முதலில் அடுப்பைத் தேடவில்லை. சுத்தியலைத் தேடினேன். வாசல் நிலைக்குப் பக்கத்தில், மாவிலைத் தோரணத்துக்குக் கீழே, உள்ளே வருகிறவர் கண் படுகிற உயரத்தில் ஓர் ஆணி அடித்து, மடியிலிருந்த பட்டையை எடுத்து மாட்டினேன். அவர் பால் செம்போடு வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். எனக்கு எல்லாம் தெரியும் என்பது அந்த நிமிஷத்தில்தான் அவருக்குத் தெரிந்தது.

படியில் குருக்கள் ஏறி வரும் சத்தம் கேட்டது. அவர் குரலைத் தாழ்த்திக் கெஞ்சினார்.

"இந்தா, ஐயர் வர்றாரு. வாசல்ல தோல் தொங்குது. பூசை முடியற வரைக்குமாவது கழட்டிடேன்."

"ஒரு தடவை நீங்க சொல்லிக் கழட்டினேன்" என்றேன். "போதும்."