கிரேஸ் அக்காவின் எண்ணிலிருந்து

கிரேஸ் அக்கா போய்விட்டார் என்ற செய்தி, அவரே நடத்திய செல்போன் குழுவில்தான் வந்தது. அதற்கு மேலே, அன்று காலை அவர் எண்ணிலிருந்து வந்திருந்த அறிவிப்பு: ‘விண்வெளி நிலையம் இன்று மாலை 6.50. தென்மேற்கு. எல்லாரும் மாடிக்குப் போங்க.’ கீழே, எதையும் வாசிக்காமல் பதில் போடும் பலசரக்குக் கடை சிவலிங்கம் அண்ணன், ‘இங்க மேகம்.’ நடுவில் மரணம். மாடிக்குப் போவதா, அவர் வீட்டுக்குப் போவதா என்று தெரியாமல் செருப்பைத் தேடிக்கொண்டு நின்றேன்.

வடசேரிக்காரர்களுக்கு அவரைப் பற்றிச் சொல்ல வேண்டாம். தொலைபேசி நிலையத்தில் ஊராரை ஊராரோடு இணைத்துவிட்டு, ஓய்வு பெற்றதும் வானத்துக்கு லைன் போட்டவர். மற்றக் குழுக்களில் காலை வணக்கமும் கஷாயமும் வரும். இவர் அனுப்புவது இணையத்தள முகவரிகள். தொலைநோக்கிப் படங்களை இலவசமாகக் காட்டும் தளம், போனை நீட்டினால் நட்சத்திரத்தின் பெயர் சொல்லும் செயலி, விண்வெளி நிலையம் நம் தலைக்கு மேல் கடக்கும் நேரத்தை முன்கூட்டியே சொல்லும் தளம். அந்தச் செயலியில் நான் முதலில் தேடியது என் ராசியை.

“அது ஜாதகம் பாக்குற எடமில்ல மக்கா,” என்றார். என்னைக் குழுவுக்குத் துணை அட்மின் ஆக்கியதற்கும் அவர் சொன்ன காரணம் கௌரவமானதல்ல: “ஒனக்கு வேற சோலி இல்லேல்லா.”

நேரம் சொல்லும் தளத்தை அவருக்கு அமைத்துக் கொடுத்தவன், மஸ்கட்டில் வேலை பார்க்கும் மகன் ஜெபின். ஊர் கேட்ட இடத்தில் தான் இருக்கும் மஸ்கட்டைப் போட்டுவிட்டான். முதல் நாள் அக்காவின் உத்தரவு, ‘கிழக்கே பாருங்க.’ அவர் மாடியில், ஜெபக்கூட்டம் போல எல்லோரும் கிழக்கே பார்த்து நின்றோம். துணி எடுக்க வந்த பக்கத்து வீட்டு மதினி கேட்டார்:

“அங்க என்னத்த பாக்கீங்க? உங்க முதுவுக்குப் பொறத்தால ஒரு வெளக்கு ஓடுது.”

திரும்புவதற்குள் அது போயாயிற்று. அக்கா மாடித் தரையிலேயே உட்கார்ந்து சிரித்தார். “எனக்க பையனுக்க வானத்த பாத்துட்டு நின்னிருக்கோம். நமக்கு மேல போனது ஒரு சுத்து, ஒண்ணர மணிக்கூர் கழிச்சுதான் அவனுக்கு மேல போவும், கேட்டியா?” அதன்பின் தளத்தில் இரண்டு ஊரையும் போட்டுக்கொண்டார்.

பார்த்துவிட்டுக் குழுவில் ‘கண்டேன்’ என்று மட்டும் எழுதினால் அக்கா ஏற்கமாட்டார். எங்கே அணைந்தது என்றும் எழுத வேண்டும். அந்த ஒளி பல நாள் அடிவானம் வரை போகாது, நடுவானத்திலேயே சட்டென்று அணைந்துவிடும். முதல் தடவை பதறி, “அக்கா, அது விழுந்துட்டா?” என்றேன்.

“விழல்ல. பூமிக்க நெழலுக்குள்ள போயாச்சு. அங்கதான் ஓடிட்டிருக்கு. நமக்குத் தெரியல்ல, அம்புட்டுதான்.”

அடக்கம் முடிந்த மறுநாள் அவர் எண்ணிலிருந்து செய்தி வந்தது: ‘இன்று 7.05. வடமேற்கு. மாடிக்குப் போங்க.’

ஆஸ்பத்திரிக்குப் போகுமுன், தளம் காட்டிய நாட்களுக்கெல்லாம் செய்திகளைத் தானாகப் போகும்படி நேரம் குறித்து வைத்திருந்தார். அது தெரிந்த பிறகும் மாடி ஏறினேன். தண்ணீர்த் தொட்டிக்கு அந்தப் பக்கம் யாரோ அண்ணாந்து நிற்பது போலிருந்தது. அன்று நான் வானத்தைப் பார்க்கவேயில்லை. தொட்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

துக்கத்துக்கு வந்திருந்த ஜெபின் அழைத்தான். “மாமா, அம்மைக்க நம்பர குரூப்பிலருந்து எடுத்திருங்க. அலமாரிக்குள்ள இருந்து போன் சத்தம் போடுது. எனக்குத் தாங்கல்ல.”

“எடுத்திருதேன் மக்களே,” என்றேன். பெயரை அமுக்கினேன். ‘நீக்கவா?’ என்று கேட்டது. எடுத்துவிட்டால், வரவிருக்கும் செய்திகளும் வராது. “நாளைக்குப் பாப்போம்,” என்று போனிடம் சொன்னேன். மறுநாளும் அதையே சொன்னேன். ஒரு நாள் செய்தி தானாகவே நின்றுபோனது. ஜெபின் அந்தப் போனை எடுத்துக்கொண்டு மஸ்கட் போய்விட்டான் என்றார்கள்.

பிறகு தளத்தைப் பார்த்து நானே அறிவிப்புப் போடத் தொடங்கினேன். பாதி நாள் திசை தப்பு. போன வாரம் ஒரு சாயங்காலம் சரியாக வந்தது. ‘கண்டேன். வடகிழக்கில் அணைந்தது,’ என்று எழுதினேன். சிவலிங்கம் அண்ணன், ‘இங்க மேகம்.’

சாப்பிட்டுக் கை கழுவும்போது போனில் செய்தி வந்த சத்தம் கேட்டது. திரையில் கிரேஸ் அக்கா பெயர். ஈரக்கையோடு எடுத்தேன்.

‘கண்டேன். கிழக்கே அணைந்தது. மஸ்கட்.’

அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த ஒரு சுற்று நேரம். இங்கே அணைந்த பிறகு இப்போதெல்லாம் நான் போனைக் கீழே வைப்பதில்லை.