கடதாசியை மட்டும் சுட்ட துவக்கு

கடதாசியில் வரைந்த குறியைப் பார்த்துச் சுடும் போட்டிகளுக்காக ஒரு சின்னக் கைத்துவக்கு வைத்திருக்கிறேன். அது வீட்டுக்கு வந்ததிலிருந்து, அதன் பெட்டி இருக்கும் அறைக்குள் அம்மா காலடி வைத்ததில்லை. ஊரில் அவருடைய தம்பியை வீட்டு வாசலில் வைத்துச் சுட்டார்கள். ஊரைவிட்டு வந்து நாங்கள் குடியிருக்கும் மில்லிக்கன் வீட்டில் அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, துப்புரவாக்குவதற்காகத் துவக்கை முழுவதுமாகக் கழற்றிவிட்டேன். திரும்பப் பூட்டும்போது ஒரு சுருள்வில் கைநழுவித் தெறித்து, கதவடியில் போய் விழுந்தது. நிமிர்ந்து பார்த்தேன். அம்மா அதைக் குனிந்து எடுத்துக்கொண்டிருந்தார்.

உள்ளே வந்தவர், மேசையில் பரவிக் கிடந்த துண்டுகளை நெடுநேரம் பார்த்தார்.

"பிள்ளை, இது ஆரையெண்டாலும் சுட்டிருக்கே?"

"இல்லையம்மா. புதுசா வாங்கினது. கடதாசியை மட்டும்தான் சுட்டது."

"உண்மையாவோ?"

"ஓம் அம்மா."

கதிரையை இழுத்து என் பக்கத்தில் இருந்தார். நான் பூட்டி முடிக்கும்வரை துண்டு துண்டாக எடுத்துத் தந்தார். இடையில் எழுந்து போகவில்லை.

ஆளைச் சுடாத துவக்கு ஒன்று உலகத்தில் இருக்கும் என்று அம்மாவுக்கு அதுவரை தெரியாது. அதை அவருக்குச் சொல்ல வேண்டும் என்று எனக்கும் தோன்றியதில்லை.