பிடி என்றால் விடு

நாய் வாலை நிமிர்த்த முடியாது என்பார்கள். நிமிர்த்த முடியாவிட்டால் வெட்டிவிடலாமே என்று யாருக்கு முதலில் தோன்றியதோ தெரியாது. அந்த ஆள் நிச்சயம் என் கணவருக்குத் தூரத்துச் சொந்தமாகத்தான் இருக்க வேண்டும்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் மைசூர் விஜயநகரில் வீடு கட்டிக் குடிபோனோம். அவருக்கு ரயில்வேயில் வேலை, எனக்குப் பள்ளிக்கூடம். சுற்றிலும் காலி மனைகள். பகலெல்லாம் பூட்டிக் கிடக்கும் வீட்டுக்குக் காவல் வேண்டும் என்று எங்கிருந்தோ ஒரு டாபர்மேன் பெட்டையைக் கொண்டுவந்தார். அது வீட்டைக் காத்ததா தெரியாது, அதனிடமிருந்து செருப்புகளை நான் காத்தேன். வந்த இரண்டாம் வருஷம் அது குட்டி போட்டது. சமையலறைக்குப் பின்னால் கோணி விரித்த மூலையில் கறுப்புக் கொழுக்கட்டைகள் மாதிரி ஆறு கிடந்தன.

ஒவ்வொன்றுக்கும் வால் இருந்தது. டாபர்மேனுக்கு வால் உண்டு என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். எங்கள் பெட்டைக்கு இருந்தது கட்டைவிரல் நீளக் குச்சம். பிறவியே அப்படி என்று அதுவரை நினைத்திருந்தேன்.

"அஞ்சு நாளைக்குள்ள வெட்டிடணும். அப்பத்தான் எலும்பு குருத்தா இருக்கும்" என்றார் கணவர். "முன்னங்கால்ல உள்பக்கமா, தரையில படாம ஒரு நகம் ஒட்டிட்டு நிக்குது பாரு, அதையும் எடுத்துடணும். பெரிசானா எங்கயாவது மாட்டிக் கிழிஞ்சுடும்."

"வலிக்காதா?"

"இந்த வயசுல ஒண்ணும் தெரியாதாம். டாக்டரே சொன்னாரு."

குழந்தைக்குக் காது குத்தும்போதும் இதையேதான் சொல்கிறார்கள். சொல்கிறவர் யாரும் காதைக் கொடுப்பதில்லை. ஆனால் குட்டிகளைத் தருவதாக அவர் தன் ஆபீஸ் நண்பர்களுக்கு ஏற்கெனவே சொல்லிவைத்திருந்தார். வாலோடு கொடுத்தால் தெருநாய்க்குப் பிறந்தது என்பார்களாம். இது அவருடைய மானப் பிரச்சினை.

அப்போது அவருடைய தங்கை எங்களோடு இருந்தாள். கும்பகோணத்தில் படிப்பை முடித்துவிட்டு, இங்கே ஓர் ஊதுபத்திக் கம்பெனியில் டைப்பிஸ்டாகச் சேர்ந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. கன்னடம் ஒரு வார்த்தை வராது. வந்த அன்று பக்கத்து வீட்டு அம்மாள் வாசலில் நின்று "பன்னி, பன்னி" என்று அன்பாக அழைத்ததற்கு, முகத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். பன்னி என்றால் கன்னடத்தில் வாங்க என்று அர்த்தம். அதை நான் அவளுக்குப் புரியவைக்கச் சாயங்காலம் வரை ஆயிற்று.

அலுவலகத்தில் பேச ஆள் இல்லாத அவள், வீட்டுக்கு வந்ததும் குட்டிகளின் பக்கத்தில்தான் உட்காருவாள். கடைசியாகப் பிறந்த பெட்டைக்குட்டி மூச்சில்லாமல் விழுந்தது. அதைத் துண்டில் சுற்றித் தேய்த்துத் தேய்த்து மூச்சு வரவைத்தவள் அவள்தான். வாலை வெட்டப்போகும் விஷயம் தெரிந்ததும் அண்ணனிடம் போய் நின்றாள்.

"அண்ணா, அந்தக் கடைசிக் குட்டிய மட்டும் விட்டுடுண்ணா. அது முழுசா இருக்கட்டும். யாருக்கும் குடுக்க வேண்டாம், நான் வளக்கறேன்."

அதிசயமாக அவர் ஒத்துக்கொண்டார். ஆனால் ரயில்வேக்காரர் அல்லவா, நிபந்தனை இல்லாமல் எதையும் கொடுக்க மாட்டார். "வால் வேணா இருக்கட்டும். நகத்தை எடுத்துடணும், அது அதோட நல்லதுக்கு" என்றார். அவள் தலையாட்டினாள். அன்றே அந்தக் குட்டியின் கழுத்தில் தளர்வாக ஒரு கறுப்பு நூலைக் கட்டிவிட்டாள். அதற்கு வால் மிஞ்ச வேண்டும் என்பதில் அவளுக்கு அப்படி ஒரு பிடிவாதம்.

ஞாயிற்றுக்கிழமை காலை டாக்டர் ஸ்கூட்டரில் வந்தார். கன்னடக்காரர், நல்ல மனிதர், எதற்கும் பதற்றப்படாதவர். கத்தரியையும் இடுக்கியையும் என் இட்லிக்குண்டானில் போட்டுக் கொதிக்கவைத்தார். அந்தக் குண்டானில் அப்புறம் நான் இட்லி வைக்கவே இல்லை. கறுப்பு நூல் கட்டிய குட்டிக்கு வாலை விட்டுவிடுங்கள் என்று கணவர் கன்னடத்தில் விளக்கினார். நகத்தைப் பற்றிச் சொன்னாரா என்று கேட்டால், சொன்னதாகத்தான் இன்றைக்கும் சொல்கிறார்.

தாய் பக்கத்தில் இருக்கக் கூடாது என்றார் டாக்டர். அதை இழுத்துக்கொண்டு நான் குளியலறைக்குள் போய்த் தாழிட்டேன். குட்டிகளை ஒவ்வொன்றாகப் பிடித்துக் கொடுப்பது கணவரின் வேலை என்று ஏற்பாடு. முதல் குட்டியின் வாலடியில் நூலை இறுக்கிக் கட்டி டாக்டர் கத்தரியை வைத்தார், இவர் முகம் வெளுத்துக் காம்பவுண்டுச் சுவரோரம் போய் உட்கார்ந்துவிட்டார். திருடனைப் பிடிக்க நாய் வளர்த்தவர்! மிச்சக் குட்டிகளைத் தங்கைதான் பிடித்தாள்.

குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டேன், தாய்க்குச் சத்தம் கேட்க வேண்டாம் என்று. நாயை ஏமாற்ற முடியுமா? ஒவ்வொரு கீச்சுக்கும் அதன் உடம்பு என் முழங்காலில் மோதியது. என்னைக் கடித்திருக்கலாம். கடிக்கவில்லை, என் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டே இருந்தது. எனக்கு அழுகை வந்தது, அதைவிட அதிகமாகக் கோபம் வந்தது.

வெளியே நடந்ததை அவள் பிறகு சொல்லித்தான் தெரியும். ஐந்து குட்டிகளையும் முடித்துவிட்டு டாக்டர் நூல் கட்டிய குட்டியைப் பார்த்திருக்கிறார்.

"இது பிடி, அல்வா?"

இதைப் பிடி என்கிறார் என்று அவள் புரிந்துகொண்டாள். நகம் எடுக்கத்தானே என்று குட்டியைப் பிடித்து நீட்டினாள். அல்வா என்றதுதான் ஏன் என்று விளங்கவில்லையாம். டாக்டர் ஒரு நிமிஷம் யோசித்திருக்கிறார். "கட்?" என்று கேட்டார். நகத்தைச் சொல்கிறார் என்று நினைத்து இவளும் "கட், கட்" என்றாள். வீட்டுக்காரர்கள் மனசு மாறிவிட்டார்கள் போலிருக்கிறது என்று அவர் வழக்கப்படி வாலில் தொடங்கினார்.

கன்னடத்தில் பிடி என்றால் விடுங்கள். நம் பிடிக்கு அவர்கள் ஹிடி என்பார்கள். அது பீடிக்கு வரும் பி, காதைத் தீட்டினால் வித்தியாசம் தெரியும். ஆனால் தமிழில் எழுதினால் இரண்டும் ஒரே எழுத்து, ஊருக்குப் புதிதாக வந்தவள் காதுக்கும் ஒரே எழுத்து. இதை விட்டுவிடலாம், இல்லையா என்றுதான் அவர் கேட்டது. அந்த அல்வா, நிஜமாகவே அவளுக்கு அல்வா கொடுத்துவிட்டது.

"அண்ணி!" என்று ஒரு அலறல் கேட்டது. தாயை உள்ளேயே விட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு ஓடினேன். குட்டியை இரண்டு கையாலும் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். செய்தித்தாள் மேல் ஆறாவது வால் கிடந்தது.

"பிடின்னாரு அண்ணி, பிடிச்சேன்... நானே பிடிச்சுக் குடுத்துட்டேனே அண்ணி!"

டாக்டர் ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தார். "அவரே ஹிட்கொண்டு கட் அந்த்ரு" என்றார். அவளே பிடித்துக்கொண்டு வெட்டச் சொன்னாளாம். அவரைக் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. எடுத்த வேலையை முடிக்க வேண்டுமே என்று அவர் குட்டியின் முன்னங்காலைத் தூக்கினார்.

அந்தக் குட்டிமேல் இனி ஒரு கத்தரி படக் கூடாது என்று எனக்கு ஆங்காரம் வந்தது. "பிடி டாக்டர், பிடி!" என்று கத்தினேன், கன்னடத்தில்தான். அவளுடைய கைகள் குட்டியை இன்னும் இறுக்கின.

"விடுடி!" என்றேன். அப்புறம்தான் விட்டாள்.

இப்படியாக அந்தக் குட்டிக்கு இருக்க வேண்டிய வால் போய், போக வேண்டிய நகம் தங்கியது. தாயைத் திறந்துவிட்டதும் அது வந்து ஒவ்வொன்றாக நக்கிக் கொடுத்துவிட்டுச் சுருண்டு படுத்துக்கொண்டது. எல்லாக் குட்டியும் பால் குடித்தன. பட்டினி கிடந்தவள் என் நாத்தனார்தான். கறிவேப்பிலைச் செடிக்குப் பக்கத்தில் வால்களைப் புதைத்துவிட்டு வந்து நான் சாப்பிடச் சொன்னபோது, "பெரிசானப்புறம் அதுக்கு என்னைக் கண்டா பிடிக்குமா அண்ணி?" என்று கேட்டாள். அதற்குள்ளும் ஒரு பிடி வந்து நின்றது. நான் சிரித்துவிட்டேன், அவள் சிரிக்கவில்லை.

மற்றக் குட்டிகளை நண்பர்கள் வாங்கிக்கொண்டு போன பிறகு இது எங்களோடு நின்றது. அவளைக் கண்டால் குச்சத்தை ஆட்டும். குச்சம் போதாமல் இடுப்போடு சேர்த்து ஆட்டும். அவளோ அதைப் பார்க்கும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். பிறகு மெல்லப் பழைய துணிப்பந்தை வைத்து விளையாடத் தொடங்கினாள். "பிடி!" என்று எறிவாள், தமிழ்ப் பிடி. அது பாய்ந்து கவ்வும். யார் கேட்டாலும் தராது. என் கணவர் எச்சரித்தபடியே அந்த நகம் வளைந்து வளர்ந்து கண்டதிலும் மாட்டியது, முக்கியமாகப் புடவையில். காலையில் அவள் வேலைக்குக் கிளம்பும்போது முன்னங்காலைத் தூக்கி அவள் மேல் வைக்கும், நகம் கொசுவத்தில் கோத்துக்கொள்ளும், அவள் பஸ்ஸை விடுவாள்.

கன்னடத்தை ஒரு வருஷத்துக்குள் கற்றுக்கொண்டுவிட்டாள். ஆபீஸில் கற்ற கன்னடம் என்பதால் மரியாதைப் பேச்சு மட்டும்தான் வரும். பூனையைக்கூட வாங்க போங்க என்றுதான் கூப்பிடுவாள். எங்களைவிடச் சுத்தமாகப் பேசினாள். நாங்கள் பேசுவது தமிழா கன்னடமா என்பது எங்களுக்கே நிச்சயமில்லை.

நாலைந்து வருஷம் கழித்து அவளுக்குக் கல்யாணம் ஆயிற்று. மாப்பிள்ளைக்கு ஹூப்ளியில் வேலை. கிளம்பும் நாளில் ஆட்டோ வாசலில் நின்றது. பெட்டிகளை ஏற்றியாயிற்று. மாப்பிள்ளை உட்கார்ந்துவிட்டார். ஆட்டோக்காரரிடம் ஒரு நிமிஷம் இருங்கள் என்று கன்னடத்தில் சொல்லிவிட்டு அவள் திரும்பினாள். கேட் அருகே நின்ற நாய், காலைத் தூக்கி அவள் மேல் வைத்தது. நகம் புதுப்பட்டின் கரையில் மாட்டிக்கொண்டது.

ஆட்டோக்காரரிடம் பேசிய வாயோடு அவள் நாயிடமும் சொன்னாள்.

"பிடி, பிடி."

விடுங்கள் என்றுதான் சொன்னாள், சுத்தமான கன்னடத்தில். ஆனால் அவள் வாயிலிருந்து அந்தச் சொல்லுக்கு நாய் ஓர் அர்த்தம்தான் படித்திருந்தது. முந்தானையை வாயாலும் கவ்விக்கொண்டது, இறுக்கமாக, இடுப்பெல்லாம் ஆட.

அவளுக்குப் புரிந்துவிட்டது. புதுப்பெண் என்றும் பாராமல் தெருவில் மண்டியிட்டு உட்கார்ந்து, அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். சொல்லிப் புரியவைக்க நேரமில்லை, ரயிலுக்கு நேரமாகிவிட்டது.

"விடுடி" என்றேன்.

நாயைத்தான் சொன்னேன். இரண்டும் விடவில்லை.